காலையில் முதல் அடி வைத்ததும் குதிகால் குத்துகிறதா?

வயது 46. காலையில் கட்டிலைவிட்டு இறங்கியதும் வலது குதிகாலில் ஆணி ஏறியதுபோல் வலிக்கிறது. நாலு எட்டு நடந்தால் குறைகிறது; சமையலறையில் வெகுநேரம் நின்றால் மறுபடி வருகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு முள் வளர்ந்திருக்கிறதாம். ஆபரேஷன்தான் வழியா? - வாசகி, ஈரோடு

அந்த முள்ளைப் பார்த்துப் பயப்படாதீர்கள். குதிகால் வலியே அறியாத பலருக்கும் எக்ஸ்ரேயில் அது தெரியும். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் உள்ளங்கால் சவ்வைத்தான் காட்டுகின்றன. குதிகால் எலும்பின் அடியில் தொடங்கி விரல்கள்வரை விசிறிபோல் விரியும் தடித்த பட்டை அது; பாத வளைவை வில்லின் நாண்போல் இழுத்துப் பிடித்திருக்கிறது. தூங்கும்போது பாதம் தொய்ந்து கிடப்பதால் சவ்வு இறுகிவிடும். எழுந்ததும் உடம்பின் எடை மொத்தமும் அதன்மேல் இறங்க, எலும்போடு ஒட்டிய இடம் சுரீர் என்கிறது.

ஆகவே பயிற்சி, கால் தரையில் படுவதற்கு முன்பே. கட்டிலில் உட்கார்ந்தபடி வலது காலை இடது தொடைமேல் போடுங்கள். வலது கையால் ஐந்து விரல்களையும் அடிப்பக்கம் பிடித்து, முழங்காலை நோக்கி வளையுங்கள். இடது கைக் கட்டைவிரலால் உள்ளங்காலைத் தடவிப் பாருங்கள்; முறுக்கேற்றிய கயிறுபோல் விறைப்பாகத் தட்டுப்பட்டால் சரியாக இழுக்கிறீர்கள். 10 விநாடி பிடித்து விடுங்கள். இப்படி 10 தடவை, நாளுக்கு 3 வேளை. பலர் பாதத்தை மட்டும் மடக்கி விரல்களை விட்டுவிடுகிறார்கள். விரல் வளையாமல் சவ்வு நீளாது.

கெண்டைக்காலையும் தளர்த்த வேண்டும். சுவரில் கை ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் வைத்து, குதிகால் எழும்பாமல், முழங்கால் மடங்காமல் முன்னே சாயுங்கள். 30 விநாடி, 3 தடவை.

டைல்ஸ், கிரானைட் தரையில் வெறுங்காலோடு நிற்பதை நிறுத்துங்கள். சமையலறைக்குள் செருப்பா என்று தயக்கமாக இருக்கும். வீட்டுக்கென்றே ஒரு ஜோடி வாங்கிக் கட்டிலடியில் வையுங்கள். குதிப்பக்கம் சற்று உயர்ந்து, பாத வளைவைத் தாங்குவதாக இருக்கட்டும். ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கினால் முறுக்கிக்கொள்ளும் செருப்பு உதவாது. பொறுமை வேண்டும்: குணமாகச் சில மாதங்கள் பிடிக்கும். இரண்டே வாரத்தில் பயிற்சியை விட்டுவிடுவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு.

அப்பாவுக்கு 15 வருடமாகச் சர்க்கரை. சூடான செங்கல்மேல் எருக்க இலை போட்டுக் குதிகாலால் மிதிக்கலாமா? - வாசகர், திருவாரூர்

கூடவே கூடாது. நாள்பட்ட சர்க்கரையில் பாத நரம்புகள் மரத்துப்போகலாம். சுடுவதே தெரியாமல் தோல் வெந்துவிடும். அந்தக் கொப்புளம் ஆறாத புண்ணாகி, விரலையே எடுக்கும் நிலைக்கும் கொண்டுபோகலாம். ஐஸ் ஒத்தடமும் அவருக்கு வேண்டாம். பாதத்தில் உணர்ச்சி எந்த அளவு இருக்கிறது என்று மருத்துவரிடம் முதலில் பாருங்கள். சர்க்கரை இல்லாதவர்கள், உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி, 10 நிமிடம் உள்ளங்காலால் உருட்டலாம்.

ஸ்டீராய்டு ஊசி போட்டால் ஒரேயடியாகத் தீருமா? - வாசகர், சேலம்

சில வாரங்களுக்கு வலி அடங்கலாம், அவ்வளவுதான். திரும்பத் திரும்பப் போட்டால் குதிகாலின் கொழுப்பு மெத்தை மெலியும். சவ்வே அறுந்துபோகவும் கூடும். சில மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் கேட்காதபோது யோசிக்கலாம்.

ஆனால் எல்லாக் குதிகால் வலியும் சவ்வு வலி அல்ல. குதிகாலின் இரு பக்கமும் பிடித்து அழுத்தினால் உயிர்போகிறதா? எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். உள்ளங்கால் எரிந்து மரத்தால் நரம்பைப் பார்க்க வேண்டும். இளைஞருக்கு இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் முதுகும் அரைமணிக்கு மேல் விறைத்தால் மூட்டுவாத மருத்துவரிடம் போக வேண்டும். வீக்கமும் காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.