ட்ரிப் சுவிச்சை நேராக்கச் சொன்னால்

கேள்வி: மாங்குளம் பக்கம் வீடுகளுக்கு வயரிங் செய்கிறேன். "மழைக்கு ட்ரிப் விழுந்துகொண்டே இருக்கு, நேராக்கிவிடு. ஏர்த் கம்பியும் வேண்டாம்" என்கிறார் கொந்தராத்துக்காரர். மறுத்தால் வேலை போய்விடும். என்ன செய்யலாம்?

பதில்: மறுக்கத்தான் வேண்டும். ட்ரிப் என்பது கரண்ட் கசிந்தால் தானே விழுந்து மின்சாரத்தை வெட்டும் சுவிச். நேராக்குவது என்றால் அதைத் தவிர்த்துக் கம்பியை நேரே இணைப்பது. காரணத்தைக் கணக்கோடு சொல்லி மறுங்கள்.

வன்னி நிலம் வெயில் காலத்தில் காய்ந்து இறுகிவிடும். அப்போது, கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் ஏர்த் கம்பியின் தடை 100 ஓம் என்று வையுங்கள். தண்ணீர் மோட்டரில் கரண்ட் கசிவு வந்தால் ஓடுவது 230ஐ 100ஆல் வகுத்த 2.3 அம்பியர்தான். 16 அம்பியர் எம்சிபி (கரண்ட் அளவுக்கு மிஞ்சினால் விழும் சுவிச்) அதற்கு அசையாது. மோட்டரின் இரும்பு உடம்பு கரண்டோடேயே நிற்கும். 30 மில்லி அம்பியர் ட்ரிப் இருந்தால் கண் இமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். ட்ரிப் இருந்து கம்பி இல்லாவிட்டாலோ, ஈரக்காலோடு யாராவது மோட்டரைத் தொடும்வரை அது விழாது. அதனால் இரண்டும் வேண்டும்.

"ட்ரிப்பின்ர ரெஸ்ட் பொத்தானை அமத்தினால் விழுகுதுதானே, பிறகேன் கம்பி" என்பார். அந்தப் பொத்தான் ட்ரிப்பை மட்டும்தான் சோதிக்கும், ஏர்த் கம்பியே இல்லாத வீட்டிலும் வேலை செய்யும். சுவிச் போர்ட் பெட்டிக்குள் ஏர்த்தையும் நியூட்ரலையும் சேர்த்துக் கட்டச் சொன்னால் அதற்கும் இடம் கொடாதீர்கள். வெளியே நியூட்ரல் அறுந்தால் வீட்டிலுள்ள ஏர்த் கொடுத்த இரும்பெல்லாம் அடிக்கும்.

அவருடைய உண்மையான தொல்லை ட்ரிப் விழுவது. அதைத் தீர்த்துவிட்டால் பாதி வாக்குவாதம் அடங்கும். எம்சிபி எல்லாவற்றையும் இறக்கி, ட்ரிப்பை ஏற்றி, ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதில் விழுகிறதோ அந்த லைனில் பிழை. எதைப் போட்டாலும் விழுந்தால், அல்லது எல்லாம் இறங்கியிருக்கும்போதே விழுந்தால், நியூட்ரல் எங்கோ ஏர்த்தில் முட்டுகிறது. ஒற்றை எம்சிபி லைவ் கம்பியை மட்டும் வெட்டி நியூட்ரலை வெட்டாததால் இந்தப் பிழை ஒளிந்துகொள்ளும். மெயினை இறக்கி, நியூட்ரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, பிளக்குகளையும் பல்புகளையும் எடுத்துவிட்டு 500 வோல்ட் மெகரில் (வயரின் காப்பை அளக்கும் கருவி) ஒவ்வொரு லைனையும் ஏர்த்துக்கு அளந்து பாருங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டும் லைனைத்தான் தேட வேண்டும். பெரும்பாலும் கேற் லைட்டின் ஹோல்டர், அல்லது கிணற்றடியில் டேப் மட்டும் சுற்றிய மூட்டு. நீர் புகாத பெட்டி போட்டால் சரி.

பேசும்போது: "அண்ணை, சுவிச்சின்ர மேக்கிலயோ கேசிங்கிலயோ குறைக்கலாம். ட்ரிப்பும் கம்பியும் இல்லாமல் நான் சுவிச் போர்ட்டைப் பூட்டமாட்டன்." மற்ற வயரிங் பெடியளோடும் முன்கூட்டியே கதைத்து வையுங்கள், தனியாளை மாற்றுவது லேசு, எல்லாரையும் மாற்றுவது அப்படியல்ல. பிறகு வாட்ஸப்பில் எழுதுங்கள்: "நீங்கள் ட்ரிப்பை நேராக்கச் சொன்னீர்கள், நான் செய்யவில்லை." கம்பியை மண் மூடுமுன் படம் எடுங்கள். வீட்டுக்காரருக்கும் நேரே சொல்லுங்கள், கரண்ட் அடிக்கப்போவது அவர்கள் பிள்ளைகளுக்கு.

சோதனைப் படிவத்தில், செய்யாத வேலைக்குக் கையெழுத்து வைக்கவே வேண்டாம். கவனக்குறைவால் உயிர் போனால் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவில் 5 வருடம் வரை சிறை உண்டு; "அவர்தான் சொன்னார்" என்பது உங்களைக் காப்பாற்றும் என்று நம்பியிருக்காதீர்கள். உங்களை வேலையிலிருந்து நிறுத்திவிட்டால் செய்த நாட்களின் கூலியைக் கேளுங்கள். தராவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்யலாம். வேலை செய்த திகதிகளை இன்றே ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள்.