கியர்பாக்ஸ் எச்சரிக்கை விளக்கு: கட்டாயச் சோதனையும் பாகம் மாற்றுவதும் (கேள்வி பதில்)

ஹெலிகாப்டர் கியர்பாக்ஸின் எச்சரிக்கை அமைப்பைச் சோதித்தே ஆக வேண்டும், குறிப்பிட்ட பாகத்தை மாற்றியே ஆக வேண்டும் என்று வருகிற ஆணைகளைப் பற்றிக் கேளுங்கள் என்றேன், கேள்விகள் குவிந்துவிட்டன. நான் ஹெலிகாப்டர் பராமரிப்பில் இருப்பவன், அதிலும் டிரான்ஸ்மிஷன் பக்கம். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். அளவு, டார்க் (எவ்வளவு முறுக்கி இறுக்க வேண்டும் என்பது), மணிக்கணக்கு எல்லாம் உங்கள் ஹெலிகாப்டரின் கையேட்டில் உள்ளதுதான் செல்லும், நான் சொல்வது அதற்கு மாற்று இல்லை.

கேள்வி: இன்ஜின் நின்றால்கூட ஆட்டோரொட்டேஷனில் இறங்கிவிடலாம் என்கிறார்கள். அப்படியிருக்க கியர்பாக்ஸ் விளக்குக்கு ஏன் இவ்வளவு பதற்றம்?

ஆட்டோரொட்டேஷன் நடப்பதே கியர்பாக்ஸ் நன்றாக இருப்பதால்தான். இன்ஜின் நின்றதும் ஃப்ரீவீல் (ஒரு பக்கம் மட்டும் சுழற்சியைக் கடத்தும் இணைப்பு) இன்ஜினை ரோட்டரிலிருந்து கழற்றிவிடும், கீழிருந்து வரும் காற்றில் ரோட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும், வால் ரோட்டருக்கும் அங்கிருந்தே சுழற்சி போகும். இவ்வளவும் மெயின் கியர்பாக்ஸ் வழியாகத்தான். அது இறுகிப்போனாலோ உள்ளே உடைந்தாலோ பைலட் கையில் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. இரண்டு இன்ஜின் வைக்கலாம், இரண்டு ஹைட்ராலிக் வைக்கலாம், மெயின் கியர்பாக்ஸ் ஒன்றுதான். அதனால்தான் முன்கூட்டியே சொல்கிற அந்தச் சின்ன சென்சாரையும் கியருக்குச் சமமான பாகமாகப் பார்க்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது.

கேள்வி: சிப் டிடெக்டர் எப்படி வேலை செய்கிறது? எளிமையாகச் சொல்லுங்கள் சார்.

எண்ணெய் ஓடுகிற பாதையில் ஒரு காந்தம், அதன் நுனியில் இரண்டு முனைகளுக்கு நடுவே சின்ன இடைவெளி. பேரிங்கிலிருந்தோ பல்லிலிருந்தோ உதிர்ந்த இரும்புத் துணுக்கு காந்தத்தில் ஒட்டி அந்த இடைவெளியை அடைத்தால் சர்க்யூட் மூடும், காக்பிட்டில் விளக்கு எரியும். சிலவற்றில் மெல்லிய தூளை மின்துடிப்பு கொடுத்து எரித்துவிடும் வசதி உண்டு. நல்ல வசதிதான், வீண் எச்சரிக்கை குறையும். ஆனால் எத்தனை தடவை எரித்தீர்கள் என்பதை எழுதி வைக்க வேண்டும். அடிக்கடி எரிக்க வேண்டி வருகிறது என்றாலே உள்ளே ஏதோ தேய்கிறது.

கேள்வி: தினமும் டெஸ்ட் பட்டனை அழுத்துகிறோம், எல்லா விளக்கும் எரிகிறது. அப்புறம் எதற்கு ஆணை போட்டுத் தனியாகச் சோதிக்கச் சொல்கிறார்கள்?

இதைக் கேட்டவர்கள்தான் அதிகம், அதனால் கொஞ்சம் விரிவாக. பெரும்பாலான ஹெலிகாப்டர்களில் அந்தப் பட்டன் சோதிப்பது பல்பையும் பேனலையும்தான். சென்சார் உயிரோடு இருக்கிறதா, கனெக்டர் பின் பச்சை பூத்துக் கிடக்கிறதா, வயர் எங்கேயாவது உரசி அறுந்துவிட்டதா என்பது அதில் தெரியாது. வயர் அறுந்த சிப் டிடெக்டரும் எண்ணெய் சுத்தமாக இருக்கிற கியர்பாக்ஸும் பைலட்டுக்குக் காட்டுவது ஒன்றையேதான்: எரியாத விளக்கு. எரியாத விளக்கைப் பார்த்து நிம்மதி அடைய உங்களுக்கு உரிமை வேண்டுமென்றால் அந்த வழி முழுவதும் வேலை செய்கிறது என்று யாராவது நிரூபித்திருக்க வேண்டும்.

நிரூபிப்பது கஷ்டமே இல்லை. டிடெக்டரைக் கழற்றி, கனெக்டர் மாட்டிய நிலையிலேயே, பேட்டரி ஆன் செய்து, நுனியிலுள்ள இரண்டு முனைகளையும் ஒரு இரும்புத் துண்டால் இணைக்க வேண்டும். ஒருவர் காக்பிட்டில் உட்கார்ந்து விளக்கைப் பார்க்க வேண்டும். எரிந்தால் நுனியிலிருந்து பல்பு வரை வழி சரி. சில வகைகளில் ஒரே வயர்தான் இருக்கும், கியர்பாக்ஸின் உடம்பே எர்த். அங்கே டிடெக்டர் உட்காரும் இடத்தில் பெயின்ட்டோ துருவோ இருந்தால் கையில் பிடித்து வயர் வைத்துச் சோதிக்கும்போது எரியும், மாட்டினால் எரியாது. உங்கள் டிடெக்டர் எந்த வகை என்று கையேட்டில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள், தூள் எரிக்கும் வசதி உள்ளதற்கு முறை வேறு.

கேள்வி: கம்பெனி அனுப்பும் சர்வீஸ் புல்லட்டினுக்கும் ஏர்வொர்த்தினெஸ் டைரக்டிவுக்கும் என்ன வித்தியாசம்? புல்லட்டினைத் தள்ளிப்போடலாமா?

புல்லட்டின் என்பது தயாரிப்பாளர் சொல்வது. டைரக்டிவ், எல்லோரும் ஏடி என்று சொல்வது, விமானப் போக்குவரத்து ஆணையம் போடுவது, அது சட்டம். செய்யாமல் பறந்தால் ஒவ்வொரு பறப்பும் தனித்தனி மீறல் என்று அமெரிக்க விதியில் தெளிவாகவே இருக்கிறது. சோதனை, பழுதுபார்ப்பு, மாற்றம், பறக்கும் வரம்பு, இதில் எதையும் ஏடி கேட்கலாம்.

தள்ளிப்போடலாமா என்பதற்கு 2009 மார்ச் 12 அன்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் விழுந்த கூகர் 91 என்ற ஹெலிகாப்டரைத்தான் சொல்வேன். சிகோர்ஸ்கி எஸ்-92 ரகம். கியர்பாக்ஸ் எண்ணெய் ஃபில்டர் கிண்ணத்தைப் பிடித்திருந்த டைட்டானியம் ஸ்டட்கள் (போல்ட் மாதிரியான மரைத் தண்டுகள்) உடைந்து எண்ணெய் மொத்தமும் போய்விட்டது. 18 பேரில் 17 பேர் இறந்தார்கள். அதே மாதிரி ஸ்டட் உடைப்பு முந்தைய ஆண்டே ஆஸ்திரேலியாவில் நடந்திருந்தது, அங்கே தரையிறங்கிவிட்டார்கள். 2009 ஜனவரியில் தயாரிப்பாளர் புல்லட்டின் போட்டார், டைட்டானியத்தை எடுத்துவிட்டு ஸ்டீல் ஸ்டட் போடச் சொல்லி. கொடுத்த அவகாசம் 1,250 பறப்பு மணி அல்லது ஒரு வருடம். அந்த அவகாசத்துக்குள்தான் விபத்து. அதற்குப் பிறகு, மார்ச் 23 அன்று வந்த அவசர ஏடி அவகாசமே கொடுக்கவில்லை, மாற்றாமல் அடுத்த பறப்பு கிடையாது என்றது. கியர்பாக்ஸ் பற்றிய புல்லட்டினில் ‘ஒரு வருடம்’ என்று பார்த்தால் நான் அதைக் கடைசித் தேதியாகப் படிப்பதில்லை, பாகம் கையில் வந்த நாளே மாற்றும் நாள்.

கேள்வி: சென்சார் பொய் எச்சரிக்கை கொடுத்தால் தொந்தரவுதானே, ஆபத்து இல்லையே?

ஆபத்துதான். வட கடலில் 2012 மே மாதமும் அக்டோபரிலும் ஈசி225 ஹெலிகாப்டர்கள் இரண்டு கடலில் இறங்க நேர்ந்தது. இரண்டிலும் கியர்பாக்ஸுக்குள் எண்ணெய் பம்புகளைச் சுழற்றும் செங்குத்துத் தண்டு விரிசல் விட்டு உடைந்திருந்தது, எண்ணெய் அழுத்தம் போனது. அதற்கென்றே அவசர உயவு அமைப்பு உண்டு, கிளைக்கால் (glycol) என்ற திரவக் கலவையைத் தெளித்து 30 நிமிடம் தாக்குப்பிடிக்க வைக்க வேண்டியது. பைலட் அதை இயக்கினார், அது வேலையும் செய்தது. ஆனால் அதைக் கண்காணிக்கும் பிரஷர் சுவிட்சுகள் எந்த அழுத்தத்தில் மாற வேண்டுமோ அது உண்மையில் அமைப்பில் இருக்கிற அழுத்தத்தோடு ஒத்துப்போகவில்லை, அதனால் ‘அவசர உயவும் போச்சு’ என்று விளக்கு எரிந்தது. செக்லிஸ்ட் சொன்னது: உடனே இறங்கு. கடலில் இறங்கினார்கள், இரண்டிலும் எல்லோரும் பிழைத்தார்கள். அலை மோசமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்புறம் தண்டு புதிதாக வடிவமைக்கப்பட்டது, அந்தச் சுவிட்சுகளையும் சரிசெய்தார்கள். ஒரு சின்ன சுவிட்சை மாற்றச் சொல்லி ஏடி வந்தால் முகம் சுளிப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

கேள்வி: ராபின்சன் ஆர்44 ஓட்டுகிறேன். சிப் விளக்கு வந்தது, இறங்கிப் பார்த்தோம், பிளக்கில் கொஞ்சம் மை மாதிரி இருந்தது, துடைத்துவிட்டோம். பறக்கலாமா?

‘துடைத்துவிட்டோம்’ என்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதுதான் உங்களிடம் இருந்த ஒரே ஆதாரம். இனிமேல் சுத்தமான வெள்ளைத் துணியிலோ ஒட்டும் டேப்பிலோ எடுத்து, தேதியும் மணியும் எழுதி வையுங்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். சாம்பல் நிற மெல்லிய பசை என்றால் பெரும்பாலும் சாதாரணத் தேய்மானம், புது கியர்பாக்ஸில் ஆரம்பத்தில் வரும். ஊசி மாதிரி நீளமான துணுக்கோ, ஒரு பக்கம் பளபளக்கிற தட்டையான செதிலோ இருந்தால் அது வேறு கதை, செதில் பெரும்பாலும் பேரிங் பாதையிலிருந்து பெயர்ந்தது.

உங்கள் ஹெலிகாப்டரின் கையேட்டிலேயே வழி இருக்கிறது: சத்தம், அதிர்வு, சூடு இதில் எதாவது சேர்ந்து வந்தால் உடனே இறங்க வேண்டும். துணுக்கு ஒன்றும் இல்லாமல் தூள் மட்டும் என்றால் சுத்தம் செய்து மாட்டி, வால் கியர்பாக்ஸ் என்றால் புது எண்ணெய் ஊற்றி, குறைந்தது 30 நிமிடம் ஹோவரில் (காற்றில் ஒரே இடத்தில் நிறுத்தி) வைத்துப் பார்க்க வேண்டும். மறுபடியும் விளக்கு எரிந்தால் கியர்பாக்ஸை மாற்றாமல் பறக்கக் கூடாது. மறுபடியும் துடைக்கிற பேச்சே இல்லை.

ஒரே ஒரு துணுக்கு எவ்வளவு பெரிய செய்தி என்பதற்கு 2009 ஏப்ரல் 1 அன்று ஸ்காட்லாந்தின் பீட்டர்ஹெட் அருகே கடலில் விழுந்த சூப்பர் பூமா ஹெலிகாப்டர் போதும், 16 பேர் இறந்தார்கள். ஏழு நாள் முன்னால், மார்ச் 25 அன்று அதன் கியர்பாக்ஸின் எபிசைக்ளிக் பகுதி (நடுக் கியரைச் சுற்றிப் பிளானட் கியர்கள் என்ற சிறு கியர்கள் சுழலும் பகுதி) சிப் டிடெக்டரில் ஒரு துணுக்கு கிடைத்தது. அது எந்த உலோகம் என்று கண்டுபிடித்ததில் தவறு, தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் பேசிக்கொண்டதில் குழப்பம், எபிசைக்ளிக் பகுதியைத் திறந்து உள்ளே இருந்த காந்தங்களைப் பார்க்கவில்லை. உண்மையில் அது பிறகு உடைந்த அதே பிளானட் கியரிலிருந்து வந்தது. இன்னொன்றும் தெரிய வந்தது: உள்ளே துணுக்கைப் பிடிக்க வைத்திருந்த காந்த வளையமே கீழே இருந்த டிடெக்டருக்குத் துணுக்கு போய்ச் சேராமல் தடுத்திருக்கிறது. அப்புறம் அந்தக் காந்தங்களை எடுத்துவிட ஆணை வந்தது.

கேள்வி: விளக்கே எரியாமல் கியர் உடையுமா?

உடையும். 2016 ஏப்ரல் 29, நார்வேயில் டுரோய் அருகே ஈசி225, 13 பேர் இறந்தார்கள். இதுவும் பிளானட் கியர்தான். விரிசல் மேற்பரப்புக்கு அடியிலேயே வளர்ந்தது, உதிர்ந்த துணுக்கு மிகக் குறைவு, சிப் டிடெக்டரும் அதிர்வைக் கண்காணிக்கும் அமைப்பும் எதுவும் சொல்லவில்லை. காந்தம் இரும்பைத்தான் பிடிக்கும், பேரிங்கின் வெண்கலக் கூண்டோ அலுமினியமோ உதிர்ந்தால் அதற்குத் தெரியாது. அதனால் ஃபில்டரை வெட்டிப் பார்ப்பது, எண்ணெயில் கொஞ்சம் எடுத்து ஆய்வுக்கு அனுப்புவது, இதெல்லாம் தனித்தனியாகத் தேவை, ஒன்று இருப்பதால் மற்றதை விட முடியாது.

கேள்வி: பிரஷர் சுவிட்ச், சிப் டிடெக்டர் மாற்றும்போது எதில் கவனம்?

முதலில் பேப்பர். பார்ட் நம்பரின் கடைசியிலுள்ள டேஷ் எண் வரை ஏடியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். பார்க்க ஒன்றுபோல இருக்கும், உள்ளே மாறும் அழுத்தம் வேறாக இருக்கும். ரிலீஸ் சான்றிதழ் (பாகம் பயன்படுத்தத் தகுதியானது என்ற சான்று) இல்லாத பாகம் எவ்வளவு புதிதாக மின்னினாலும் வேண்டாம். வேறு ஹெலிகாப்டரிலிருந்து கழற்றிய கியர்பாக்ஸ் வந்தால் அதன் சீரியல் எண்ணை வைத்து ஏடி பட்டியலைப் புதிதாகப் பாருங்கள். ஏடி பாகத்தோடு போகும், ஸ்டோரில் தூங்கும் உதிரிக்கும் பொருந்தும்.

மாட்டும்போது ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) புதிது, பழையதை மறுபடியும் போடாதீர்கள். பயனெட் வகை டிடெக்டர் என்றால் அழுத்தித் திருப்பி, பூட்டியதும் இழுத்துப் பாருங்கள். அரைகுறையாகப் பூட்டியது அதிர்வில் கழன்று வரும், அதன் பின்னால் இருக்கும் தானே மூடும் வால்வு தேய்ந்திருந்தால் எண்ணெயும் வெளியேறும். லாக் ஒயர் (கழலாமல் கட்டிவைக்கும் கம்பி) இறுக்கும் திசையில் இழுக்க வேண்டும். பிறகு இரும்புத் துண்டு வைத்து விளக்குச் சோதனை, இன்ஜின் ஓட்டிக் கசிவு பார்ப்பது, இன்னொருவர் கண்ணால் சரிபார்ப்பது. பதிவேட்டில் ‘ஏடி செய்யப்பட்டது’ என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தத் திருத்தம், எந்தப் பத்தி, எந்த முறை, எத்தனை மணியில், மறுபடி எப்போது என்று எழுதுங்கள்.

கேள்வி: ஏடி அவகாசம் இன்று முடிகிறது, ஒர்க்‌ஷாப் வேறு இடத்தில். பறந்து போகலாமா?

ஆணையத்திடம் சிறப்பு அனுமதி கேளுங்கள், ஏடி அதைத் தடைசெய்யாமல் இருந்தால் கிடைக்கலாம். வேறு முறையில் செய்ய வேண்டுமென்றாலும் எழுத்தில் ஒப்புதல் வேண்டும். கிடைக்கும் வரை ஹெலிகாப்டர் நிற்கட்டும். பொறுப்பு இன்ஜினியருக்கு மட்டும் இல்லை, உரிமையாளருக்கும்தான்.

கேள்வி: பயிற்சி பைலட் நான். எண்ணெய் அழுத்தம் பூஜ்யம், ஆனால் வெப்பநிலை நார்மல். சென்சார் பழுது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. வெப்பநிலை சென்சார் எண்ணெயில் நனைந்திருந்தால்தான் எண்ணெயின் சூட்டைச் சொல்லும். எண்ணெயே போய்விட்டால் அது காட்டுவதற்கு அர்த்தமில்லை, ஏறாமல்கூட இருக்கும். கூகர் 91 பைலட்டுகள் இதில்தான் சிக்கினார்கள். எண்ணெய் போயிருந்தால் சூடு ஏறியிருக்குமே, ஏறவில்லையே, அப்படியென்றால் பம்போ சென்சாரோதான் பழுது என்று நினைத்து, கடலில் இறங்காமல் கரையை நோக்கியே பறந்தார்கள். முதல் எச்சரிக்கையிலிருந்து விழுந்தது வரை சுமார் 11 நிமிடம். அந்த கியர்பாக்ஸ் எண்ணெய் இல்லாமல் 30 நிமிடம் ஓடும் என்ற நம்பிக்கை அப்போது பரவலாக இருந்தது, சான்றிதழ் கொடுத்தபோது அப்படி நிரூபிக்கப்படவில்லை. உங்கள் ஹெலிகாப்டரின் கையேட்டில் அழுத்தம் போனால் ‘உடனே இறங்கு’ என்று இருக்கிறதா, ‘முடிந்தவரை சீக்கிரம்’ என்று இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் படித்துவிடுங்கள், இரண்டும் ஒன்றில்லை. அழுத்தமும் எச்சரிக்கை விளக்கும் தனித்தனி சென்சாரிலிருந்து வருகிறதா என்று உங்கள் இன்ஜினியரிடம் கேளுங்கள். தனித்தனி என்றால் இரண்டும் ஒரே சமயத்தில் சொல்வதைச் சென்சார் பழுது என்று தள்ளவே முடியாது.