குதிரை ஈ: முதுகை விடுங்கள், நெற்றியைக் காட்டுங்கள்

என்னைக் கடித்த ஈயின் படம் இணைத்துள்ளேன். முதுகு தெளிவாகத் தெரிகிறது. இது டபானஸில் எந்தச் சிற்றினம்?

எனக்கு வரும் கடிதங்களில் பாதி இந்தக் கேள்விதான், பாதிப் படங்கள் முதுகுதான். குதிரை ஈக்களின் டபானஸ் பேரினத்தில் மட்டும் 1,300க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இருக்கின்றன. அவற்றுள் பல, மேலிருந்து பார்த்தால் ஒன்றுக்கொன்று உடன்பிறந்தவை போலத் தெரியும். உங்கள் ஈயின் இறக்கை கண்ணாடிபோல் தெளிவாக இருப்பதால் டபானஸாக இருக்க வாய்ப்பு அதிகம். இறக்கையின் குறுக்கே ஒரு கரும்பட்டை ஓடியிருந்தால் கிரைசாப்ஸ் என்றும், சாம்பல் தூவியதுபோல் புள்ளிகள் நிறைந்திருந்தால் ஹீமட்டோபோட்டா என்றும் வேறு குதிரை ஈப் பேரினங்களை ஊகித்திருப்பேன். பேரினத்தைத் தாண்டி இந்தப் படத்தை வைத்து ஒரு பெயரைச் சொன்னால் அது ஜோசியம்.

சிற்றினம் வரை போக வேண்டுமானால் நெற்றி வேண்டும். பெண் ஈயின் இரண்டு கண்களுக்கும் நடுவில் ஒரு பட்டை இருக்கும். அது மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமா, கீழே குறுகுகிறதா, உயரம் அகலத்தைப்போல எத்தனை மடங்கு, அதன் அடியில் பளபளக்கும் முடிச்சு சதுரமா, நீண்டு மெலிந்த கோடா என்பவற்றைப் பார்க்க வேண்டும். அடுத்து உணர்கொம்பின் மூன்றாம் கணு. அதன் மேல்விளிம்பில் பல்போன்ற ஒரு மேடு இருக்கிறதா என்று பார்ப்போம். பின்னங்காலின் கணைப்பகுதி முனையில் முள் உண்டா என்பதும் முக்கியம்: கிரைசாப்ஸுக்கு உண்டு, டபானஸுக்கு இல்லை.

இன்னொன்று: உயிருள்ள ஈயின் கண்ணில் பச்சை, ஊதா நிறப் பட்டைகள் மின்னும். எத்தனை பட்டை என்பதே சில சிற்றினங்களைப் பிரித்துக் காட்டிவிடும். ஈ காய்ந்ததும் அந்த நிறம் போய்விடும். ஈரப்படுத்தினால் ஓரளவு திரும்பும்; ஆனாலும் உயிரோடு இருக்கும்போதே கண்ணை அருகிலிருந்து படமெடுப்பது மேல்.

கண்கள் நடுவில் ஒட்டியிருக்கின்றன, நீங்கள் சொல்லும் நெற்றியே இல்லை. புதுச் சிற்றினமா?

ஆண் ஈ. கடிப்பது பெண் மட்டுமே, ஆண் பூந்தேன் குடித்துப் பிழைக்கிறது. நம்மைத் தேடி வராததால் ஆண்கள் சேகரிப்பில் குறைவு. இனங்காணும் அட்டவணைகள் பெரும்பாலும் பெண்ணை வைத்தே எழுதப்பட்டிருக்கின்றன. உங்கள் ஈ அட்டவணையில் பொருந்தாததற்குக் காரணம் அதுதான்.

வீட்டு ஈ போலவே இருக்கிறது, ஆனால் கடிக்கிறது. குதிரை ஈக் குட்டியா?

இறக்கை முளைத்த ஈ அதற்குமேல் வளராது. குட்டி ஈ என்று ஒன்று கிடையாது. நீங்கள் சொல்வது ஸ்டோமாக்ஸிஸ் கால்சிட்ரான்ஸ் ஆக இருக்கலாம். அது வீட்டு ஈயின் குடும்பம். உணர்கொம்பிலிருந்து மெல்லிய முடி ஒன்று பிரிந்து நிற்கும். குதிரை ஈக்கு அது இராது.

ஒரே ஈயை ஒரு நூல் டபானஸ் பைமாகுலேட்டஸ் என்கிறது, இன்னொன்று ஹைபோமிட்ரா பைமாகுலேட்டா என்கிறது. மக்கார் என்ற பெயரை ஏன் அடைப்புக்குறிக்குள் போடுகிறார்கள்?

இரண்டும் ஒன்றே. பிரெஞ்சு ஈ ஆய்வாளர் மக்கார் 1826இல் விவரித்தபோது அதை டபானஸில் வைத்தார். அன்று பெரும்பாலான குதிரை ஈக்களைப் போட்டுவைத்த கிடங்கு அது. 1922இல் ஜெர்மானிய ஆய்வாளர் எண்டர்லைன் ஹைபோமிட்ரா என்ற பேரினத்தை ஏற்படுத்திய பிறகு இந்த ஈ அங்கே போனது. பெயரிட்டவர் தேர்ந்த பேரினத்திலிருந்து சிற்றினம் இடம் மாறினால், அவர் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் போகும். மாற்றியவருக்குப் பெயர் கிடைப்பதில்லை. ஈற்று மாறியதற்குக் காரணம் பேரினத்தின் பால்: டபானஸ் ஆண்பால், ஹைபோமிட்ரா பெண்பால். லத்தீன் பெயரடை அதற்கு ஒத்துப்போக வேண்டும்.

இதே தொல்லை கிரைசாப்ஸிலும் உண்டு. ஆப்பிரிக்காவில் லோவா லோவா புழுவைப் பரப்பும் ஈயைப் பழைய மருத்துவ நூல்கள் கிரைசாப்ஸ் சைலேசியா என்கின்றன. 'ஆப்ஸ்' என்று முடியும் பேரினங்கள் ஆண்பால் என்று விலங்குப் பெயரிடல் விதிநூல் தீர்த்துவிட்டதால் சைலேசியஸ் என்பதே சரி. தரவுத்தளத்தில் தேடும்போது இரண்டையும் தட்டச்சு செய்யுங்கள், இல்லையெனில் பாதிக் கட்டுரைகள் கண்ணில் படாது.

குதிரை ஈக் குடும்பத்தில் எத்தனை துணைக்குடும்பங்கள்?

பெரியவை மூன்று: பாங்கோனியினே, கிரைசாப்சினே, டபானினே. 1954இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் மெக்கராஸ் இனப்பெருக்க உறுப்புகளின் அமைப்பை வைத்துப் போட்ட கோட்டில்தான் இன்றும் நடக்கிறோம், மரபணு ஆய்வு அங்கங்கே திருத்திக்கொண்டிருந்தாலும்.

பாடகி பியான்ஸேயின் பெயரில் ஒரு குதிரை ஈ இருக்கிறதாமே, வேடிக்கைக்கா?

உண்மை, முறைப்படி வைத்த பெயர். 2011இல் ஆஸ்திரேலியப் பூச்சியியலாளர் பிரயன் லெசார்ட் வெளியிட்டார். மாதிரி ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஆதர்டன் மேட்டுநிலப் பகுதியில் 1981இல் பிடிக்கப்பட்டது. பாடகி பிறந்ததும் அந்த ஆண்டே. வயிற்றின் நுனியில் அடர்ந்த பொன்னிற முடிதான் பெயருக்குக் காரணம். பெண்ணின் பெயரில் வைத்தால் லத்தீனில் 'ஏ' ஈறு வரும், ஆகவே பியான்ஸேயே. முகம் சுளித்தவர்கள் உண்டு. எனக்கு ஆட்சேபம் இல்லை. முப்பது ஆண்டுகள் பெயரில்லாமல் அருங்காட்சியகப் பெட்டியில் கிடந்த ஈ அது. முதலில் ஸ்காப்டியா பேரினத்தில் இருந்தது. 2014இல் லெசார்ட் அந்தப் பேரினத்தைப் பிரித்தபோது பிளிந்தினா பேரினத்துக்கு மாறியது. ஆகவே இதற்கும் இப்போது அடைப்புக்குறி உண்டு.