டிரில்லிங் மெஷின்: எங்கே அழுத்துவது, எங்கே நிறுத்துவது?

பல வருடங்களாக இந்த மெஷின்களைப் பிரித்துப் பூட்டி வருகிறேன். பழுது என்று என் மேசைக்கு வந்த பல மெஷின்களில் ஒரு பழுதும் இருந்ததில்லை. வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இதோ.

கேள்வி: புது மெஷின் ஐயா. பத்து நிமிடம் அழுத்தியும் சுவரில் அரை அங்குலம்கூட இறங்கவில்லை. பிட்டின் நுனி நீலம் பூத்துவிட்டது. திருப்பிக் கொடுத்துவிடட்டுமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். விசைக்கு அருகில் உள்ள சின்ன லிவரை முதலில் பாருங்கள். அது ரிவர்ஸில் இருந்தால் பிட் சுற்றும், வெட்டாது. மெஷினைப் பிடித்திருக்கும் உங்கள் பக்கமிருந்து பார்த்தால், பிட் கடிகார முள்ளின் திசையில் சுற்ற வேண்டும். அடுத்தது பிட். சுவருக்கான பிட்டின் நுனியில், தண்டைவிடச் சற்று அகலமாக ஒரு டங்ஸ்டன் கார்பைடு தகடு பதிந்திருக்கும். உங்களுடையது இரும்புக்கான பிட் என்றே நினைக்கிறேன். சூட்டில் மழுங்கிவிட்டதால், தீட்டாமல் அது இனி இரும்பில்கூட ஏறாது.

இரண்டும் சரி என்றால், குமிழ் சுத்தியல் படத்துக்கு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் ஹேமர், அதாவது பிட் சுற்றிக்கொண்டே சுவரை அடிக்கவும் செய்யும் நிலை. வீட்டு மெஷினுக்குள் பல் வெட்டிய இரண்டு வட்டுகள் உண்டு. அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்குவதால்தான் அந்த அடி கிடைக்கிறது. நீங்கள் பின்னாலிருந்து தள்ளினால்தான் பற்கள் கவ்வும். அதனால் செங்கல் சுவரில் உடம்பைச் சற்றே சாய்த்து அழுத்தத்தான் வேண்டும். அப்படி அழுத்தியும் ஒரு நிமிடத்தில் 6 மி.மீ. பிட் இறங்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். மேலும் அழுத்துவது மோட்டாரைத்தான் எரிக்கும்.

ஜன்னலுக்கு நேர் மேலே துளையிடுகிறீர்களா? அங்கே இருப்பது பெரும்பாலும் கான்கிரீட். உள்ளே கம்பியில் பட்டால் ஓசை கணீரென்று மாறும், தூளோடு உலோகத் துகள் மின்னும். ஓரிரண்டு அங்குலம் தள்ளித் துளையிடுங்கள். கான்கிரீட்டில் நிறைய துளைகள் தேவைப்பட்டால் ரோட்டரி ஹேமர் வாடகைக்கு எடுங்கள். அதில் அடிப்பது பிஸ்டன். உங்கள் தோள் பலம் தேவையில்லை.

கேள்வி: டைல்ஸில் பிட் வழுக்குகிறது. ஒரு டைலில் விரிசலும் விழுந்துவிட்டது.

பதில்: ஹேமரை அணைக்காமல் ஆரம்பித்திருப்பீர்கள். டைல்ஸைத் தாண்டும்வரை ஹேமர் கூடவே கூடாது. குறித்த இடத்தில் டேப் ஒட்டி, ஈட்டி முனை கொண்ட டைல் பிட்டை மாட்டி, குறைந்த வேகத்தில் லேசாக அழுத்துங்கள். மிகக் கெட்டியான விட்ரிஃபைடு டைல்ஸ் என்றால் வைரத்தூள் பதித்த பிட் வேண்டும். ஈரப் பஞ்சால் அவ்வப்போது அதைக் குளிர வையுங்கள். மெஷினுக்குள் தண்ணீர் போய்விடக் கூடாது. டைலின் ஓரத்தை ஒட்டித் துளை போடாதீர்கள்.

கேள்வி: காற்றுத் துளை வழியே தீப்பொறி தெரிகிறது. ஆபத்தா?

பதில்: சின்னச் சின்ன நீலப் பொறி இயல்பு. பொறி வளையம்போல் சுற்றிப் படர்ந்து கருகல் வாடையும் வந்தால் உடனே நிறுத்திவிட்டு பிளக்கைப் பிடுங்குங்கள். மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டுகளான கார்பன் பிரஷ் இரண்டும் தேய்ந்திருக்கலாம். மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் தொடர்பு சமமாக இருக்காது. புதிதாகப் போட்டதும் சில நிமிடம் சுமையில்லாமல் ஓடவிடுங்கள். அப்போதும் பொறி குறையவில்லை என்றால் ஆர்மேச்சரை, அதாவது மோட்டாரின் அந்தச் சுழலும் பகுதியை, சோதிக்க வேண்டும், அது பழுது பார்ப்பவரின் வேலை.

கேள்வி: பிட் சுவரிலேயே நிற்கிறது, மெஷின் மட்டும் சுற்றுகிறது.

பதில்: பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக்கின் மூன்று துளைகளிலும் சாவியைப் போட்டு இறுக்குங்கள்.

கேள்வி: திருகாணியோடு பிளாஸ்டிக் பிளக்கும் சேர்ந்து சுற்றுகிறது.

பதில்: துளை பெரிதாகிவிட்டது. 6 மி.மீ. பிளக்குக்கு 6 மி.மீ. பிட்தான், ஆனால் கை ஆடினால் அதே பிட் 8 மி.மீ. துளை போட்டுவிடும். பக்கவாட்டுக் கைப்பிடியை மாட்டி இரு கையாலும் பிடியுங்கள். பூச்சு உதிரும் சுவரில் பிளக் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் உட்கார வேண்டும். பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், துளையிலுள்ள தூளை வெளியேற்றிய பிறகு பிளக்கைச் செருகுங்கள்.

கேள்வி: கையுறை போட்டுக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். சுற்றும் பிட் துணியைப் பிடித்தால் விரலையும் இழுத்துக்கொள்ளும். துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை, விரித்த கூந்தல் எல்லாவற்றுக்கும் இதுதான். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

கேள்வி: ஐயா, சுவிட்ச் போர்டுக்கு மேலே அலமாரி மாட்டச் சொல்கிறார்கள். உள்ளே ஒயர் இருக்குமோ என்று எனக்குக் கை நடுங்குகிறது.

பதில்: உங்கள் பயம் நியாயமானது அம்மா. போர்டிலிருந்து ஒயர் பெரும்பாலும் நேர் மேலே, நேர் கீழே, சில வீடுகளில் பக்கவாட்டிலும் போகும். அந்தப் பாதைகளில் துளையே வேண்டாம், அலமாரியை நகர்த்துங்கள். வேறு வழியே இல்லை என்றால், சுவருக்குள் ஒயர் காட்டும் டிடெக்டரால் தடவிப் பார்த்து, மெயினை அணைத்துவிட்டு, பேட்டரி டிரில்லால் துளையிடுங்கள். அலமாரியை நகர்த்த மாட்டோம் என்று சொல்பவர்களிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள்.