ஃபெர்னான் கோமெஸின் மூன்று படங்கள்: விருதை வைத்துத் தேர்வு செய்யலாமா?

கேள்வி: ஸ்பானிய நடிகர் ஃபெர்னாண்டோ ஃபெர்னான் கோமெஸின் மூன்று படங்களை எங்கள் திரைப்படச் சங்கத்தில் திரையிட இருக்கிறோம். விருது பெற்ற படங்களையே எடுத்துக்கொள்ளலாமா? அவருடைய நாடகப் பின்னணியை எப்படிப் புரியவைப்பது?

பதில்: விருதுப் பட்டியலை மட்டும் நம்ப வேண்டாம். பெர்லின் திரைப்பட விழாவில் 1977இல் 'எல் அனகோரேத்தா', 1985இல் 'ஸ்டிகோ' ஆகியவற்றுக்காக அவர் சிறந்த நடிகருக்கான வெள்ளிக் கரடியைப் பெற்றார். முன்னதில் குளியலறையை விட்டு வெளியே வர மறுக்கும் மனிதராகவும், பின்னதில் பழைய மாணவருக்கு அடிமையாக இருக்க முன்வரும் ரோமானியச் சட்டப் பேராசிரியராகவும் வருகிறார். இரண்டும் சுவையான படங்கள்தாம். ஆயினும் அவரை முதன்முதலாகப் பார்ப்பவர்களுக்கு உகந்த வாசல் அவையல்ல.

1986இல் அவரே எழுதி இயக்கிய 'எல் வியாஹே அ நிங்குனா பார்த்தே' படத்தில் தொடங்குங்கள். உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய ஸ்பெயினில் ஊர் ஊராக நாடகம் போட்டுப் பிழைக்கும் குழுவொன்று, சினிமாவின் வரவால் மெல்லக் கலைந்துபோவதே கதை. அதில் அவர் ஏற்றிருக்கும் முதிய நடிகர் தொன் அர்த்துரோவுக்கு ஒரு படப்பிடிப்பில் சிறு வேடம் கிடைக்கிறது. இயல்பாகப் பேசும்படி எத்தனை முறை சொன்னாலும், கடைசி வரிசைக்கும் கேட்கவேண்டும் என்று பழகிப்போன அந்தக் குரல் மேடைக் குரலாகவே ஒலிக்கிறது. அவருடைய நாடகப் பின்னணிக்கு இதைவிட நல்ல அறிமுகம் இல்லை என்பேன். நாடக நடிகையான தாய் சுற்றுப்பயணத்தில் இருந்தபோது 1921இல் லிமாவில் பிறந்து, மேடையிலேயே தொழில் பழகி, 1943இல் திரைக்கு வந்தவர், தாம் கடந்துவந்த தடையில் இடறி விழும் ஒருவரை அங்கே நடித்துக் காட்டுகிறார். ஸ்பெயினின் தேசியத் திரைப்பட விருதான கோயாவின் முதல் விழா 1987இல் நடந்தபோது இப்படம் சிறந்த படம், இயக்கம், திரைக்கதை ஆகிய மூன்றையும் வென்றது. சிறந்த நடிகர் விருதும் அவருக்கே கிடைத்தது, ஆனால் வேறொரு படத்துக்காக. பட்டியலைப் பார்த்துத் தேர்வு செய்பவர்கள் தடுமாறுவது இத்தகைய இடங்களில்தான்.

அடுத்து, விக்தோர் எரிசே 1973இல் இயக்கிய 'எல் எஸ்பிரித்து தே லா கொல்மேனா'. இதில் தேனீ வளர்க்கும் தந்தையாக வரும் அவர் அதிகம் பேசுவதேயில்லை. முதல் படத்தின் முழக்கத்தைக் கேட்டவர்களுக்கு இந்த மௌனத்தின் அருமை தெரியும்.

மூன்றாவதாக, 1999இல் வெளியான 'லா லெங்குவா தே லாஸ் மரிபோசாஸ்'. உள்நாட்டுப் போர் மூண்ட 1936இல், ஸ்பெயினின் கலீசியப் பகுதிக் கிராமத்துப் பள்ளி ஆசிரியராக, ஓய்வுபெறும் நாளில் சுதந்திரத்தைப் பற்றி அவர் பேசும் உரையைக் கவனித்துக் கேட்கச் சொல்லுங்கள்.

1982இல் மாட்ரிட்டில் அரங்கேறிய அவருடைய புகழ்பெற்ற நாடகமான 'லாஸ் பிசிக்லேத்தாஸ் சோன் பாரா எல் வெரானோ' 1984இல் படமாகவும் வந்தது. அவர் அதை எழுதியவரே தவிர, படத்தில் நடிக்கவில்லை. ஆகவே நான்காவது நாள் கிடைத்தால் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தப் படமானாலும் மொழிமாற்றக் குரல் வேண்டாம். மூலக் குரலும் துணைத்தலைப்பும் உள்ள பிரதியையே கேட்டு வாங்குங்கள்.