சுருட்டைப் பொழுதுபோக்காக ரசிக்க நினைப்பவர் எதைப் பார்த்து வாங்க வேண்டும், வாங்கியதை எப்படி வைத்திருக்க வேண்டும், எப்படிப் புகைக்க வேண்டும்?

நீங்கள் கேட்டிருக்கும் மூன்றில் நடுவில் இருப்பதிலிருந்து தொடங்குகிறேன். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கையில் இருக்கும் பணத்தையெல்லாம் சுருட்டில் போட்டுவிட்டு, அதைக் கொண்டுபோய் ஒரு மேசை டிராயரில் வைத்துப் பாழாக்கிவிடுகிறார்கள். விலை உயர்ந்த சுருட்டு காய்ந்துபோனால் அதில் ஒன்றுமே இல்லை. சுமாரான விலைச் சுருட்டை ஒழுங்காக வைத்திருந்து எடுத்தால் அதைவிட நூறு மடங்கு நன்றாக இருக்கும்.

அதற்கு முன் ஒரு விஷயம். புகையே பிடிக்காதவர் என்றால் இதைத் தொடங்காதீர்கள், மனதார இதைச் சொல்கிறேன். நெஞ்சுக்குள் இழுக்காவிட்டால் ஆபத்தில்லை என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடத்தான் செய்கிறது, நிகோடின் வாய்த்தோல் வழியாகவே ரத்தத்துக்குப் போய்விடும், பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்குப் புகையிலை இருக்கக்கூடும். ஏற்கனவே பிடிப்பவர் என்றால் எப்போதாவது ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம்.

சரி, ஈரப்பதம். சுருட்டு முழுக்க முழுக்க இலை. சுற்றியிருக்கும் காற்றில் ஈரம் அதிகமானால் உறிஞ்சிக்கொள்ளும், குறைந்தால் தன்னிடம் இருப்பதை விட்டுவிடும். ஈரம் போனால் கூடவே மணம் தரும் எண்ணெயும் போகும், மேல் இலை விரல் பட்டாலே உதிரும், பற்றவைத்தால் சூடாக, வேகமாக எரிந்து நாக்கைச் சுடும். ஈரம் கூடினால் சுருட்டு வீங்கி மேல் இலை பிளக்கும், இழுத்தால் புகை வராது, நொடிக்கொரு தரம் அணையும். 65 முதல் 70 சதவீதம் வரை சரியான அளவு. எனக்கு 65 தான் பிடிக்கும், அந்த அளவில் வைத்த சுருட்டு கோணாமல் சீராக எரிகிறது.

ஹியூமிடர், அதாவது சுருட்டை ஈரப்பதம் மாறாமல் வைக்கும் பெட்டி, என்றதும் எல்லோரும் பளபளக்கும் மரப்பெட்டியைத்தான் நினைக்கிறார்கள். அழகான பொருள்தான், உள்ளே ஸ்பானிஷ் சீடார் பலகை போட்டிருப்பார்கள், அந்த மணமும் சுருட்டோடு நன்றாகச் சேரும். ஆனால் புதுப்பெட்டியின் மரமே ஈரத்தைக் குடிக்கும், அதைப் பதப்படுத்தாமல் சுருட்டை வைத்தால் சுருட்டில் இருக்கும் ஈரத்தையும் அது எடுத்துக்கொள்ளும். 84 சதவீத ஈரப்பதப் பாக்கெட்டுகளை உள்ளே வைத்து மூடி இரண்டு வாரம் விட்ட பிறகுதான் அதில் சுருட்டை அடுக்க வேண்டும். மலிவான மரப்பெட்டிகளில் மூடியும் சரியாகப் பொருந்தாது. அதனால் முதல் வருடத்துக்கு, காற்று புகாத சாதாரண பிளாஸ்டிக் டப்பா ஒன்றும், போவேடா போன்ற இருவழி ஈரப்பதப் பாக்கெட்டும் போதும் என்பேன். ஈரம் குறைந்தால் அது விடும், கூடினால் திரும்ப எடுத்துக்கொள்ளும். பாக்கெட் தொட்டால் கெட்டியாக இருக்கிறதா, மாற்றிவிடுங்கள்.

ஈரப்பதத்தை அளக்கும் ஹைக்ரோமீட்டர் ஒன்று வேண்டும், ஆனால் வாங்கியதும் அதை நம்பிவிடாதீர்கள். ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு ஈர மணல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள், உப்பு கரைந்துவிடக் கூடாது. அந்த மூடியையும் மீட்டரையும் ஒரு ஜிப் பைக்குள் போட்டு, உப்பு மீட்டரில் படாமல் மூடி, ஒரு நாள் அப்படியே விடுங்கள். ஈர உப்புக்கு மேலே மூடிய காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். மீட்டர் 70 காட்டினால் அது 5 குறைத்துச் சொல்கிறது, அந்த வித்தியாசத்தை மீட்டரின் பின்னாலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

வெப்பம் 18 முதல் 21 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. 25-ஐத் தாண்டினால் புகையிலை வண்டு பற்றிய பயம் இருக்கிறது. அதன் முட்டை இலையோடு கூடவே வந்திருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது, சூடு கூடினால் பொரித்து வண்டு சுருட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். மேல் இலையில் குண்டூசியால் குத்தியது மாதிரி ஒரு ஓட்டை தெரிந்தால் பெட்டியில் உள்ள அத்தனையையும் ஜிப் பையில் போட்டு, ஒரு நாள் ஃபிரிட்ஜில், மூன்று நாள் ஃபிரீசரில், மறுபடி ஒரு நாள் ஃபிரிட்ஜில் என்று படிப்படியாகக் கொண்டுபோய்த் திரும்புங்கள். ஒரேயடியாகச் சூடு மாறினால் இலை வெடித்துவிடும். வெள்ளையாக ஏதாவது படிந்திருந்தால் அது முதிர்ந்த எண்ணெயின் படிகம், நல்ல அறிகுறி என்று சிலர் சொல்வார்கள். நான் அதைப் பூஞ்சணம் என்றே எடுத்துக்கொண்டு தனியாக எடுத்துவைத்துவிடுவேன்.

இப்போது வாங்குவது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக அழுத்திப் பாருங்கள், கடைக்காரரிடம் கேட்டுவிட்டு. கொஞ்சம் அமுங்கி, விட்டதும் பழைய நிலைக்கு வர வேண்டும். ஓரிடத்தில் பொசுக்கென்று அமுங்கினால் அங்கே இலை குறைவு, அந்தப் பக்கம் கோணலாக எரியும். ஓரிடத்தில் முடிச்சு மாதிரி கெட்டியாக இருந்தால் இழுக்கவே முடியாது. முழு இலைகளை நீளவாக்கில் வைத்துக் கையால் சுற்றியதா என்று கேளுங்கள், துண்டு இலை அடைத்தது சீக்கிரம் சூடேறும்.

நிறத்தைப் பார்த்து வீரியத்தை எடைபோடாதீர்கள். மடூரோ எனப்படும் கருத்த மேல் இலை கூடுதலாகப் புளிக்கவைத்ததால்தான் கருத்திருக்கிறது, பல சமயம் அதில் லேசான இனிப்புதான் தெரியும். வீரியம் உள்ளே இருக்கும் இலையைப் பொறுத்தது. செடியின் உச்சியில் வெயில் பட்டு வளரும் லிகேரோ இலை எவ்வளவு சேர்த்திருக்கிறார்கள் என்பதுதான் கணக்கு. முதல் சுருட்டுக்கு, வெளிர் நிற கனெக்டிகட் மேல் இலை போட்ட டொமினிகன் குடியரசுச் சுருட்டு ஏதாவது ஒன்று, ரொபஸ்டோ அளவில். அதாவது 5 அங்குல நீளம், 50 ரிங் கேஜ் (குறுக்களவு ஒரு அங்குலத்தில் 64-ல் 50 பங்கு). முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை வரும். நிகரகுவாவின் எஸ்டெலிப் பக்கத்து மிளகுக் காரம் அப்புறம் இருக்கட்டும்.

கியூபாச் சுருட்டுதான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். 1960-ல் அங்கே தொழிற்சாலைகள் அரசுடைமையானதும் பல குடும்பங்கள் வெளியேறி டொமினிகன் குடியரசு, ஹோண்டுராஸ், நிகரகுவா என்று போய் அங்கே தொழிலைத் தொடர்ந்தார்கள். அதனால்தான் மோன்டெகிரிஸ்டோ, பார்ட்டகாஸ் போன்ற பெயர்களில் கியூபாச் சுருட்டும் இருக்கிறது, வேறு நாட்டுச் சுருட்டும் இருக்கிறது. கியூபா பெயரில் போலிகள் ஏராளம். கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் கியூபாவின் கோஹிபா என்று யாராவது நீட்டினால் பேசாமல் நடையைக் கட்டுங்கள்.

புகைப்பதைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை, அவசரப்படாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. சாப்பிட்ட பிறகு உட்காருங்கள், வெறும் வயிற்றில் தலை சுற்றி, குளிர்ந்து வியர்க்கும். வாயில் வைக்கும் முனையில் ஒட்டியிருக்கும் தொப்பி இலையை மட்டும் 2 மில்லிமீட்டர் அளவுக்கு வெட்டுங்கள், அதற்குக் கீழே போனால் மேல் இலை முழுக்கப் பிரிந்துவிடும். பெட்ரோல் லைட்டர் வேண்டாம், அந்த வாடை கடைசி வரை போகாது. கேஸ் லைட்டரோ நீளத் தீக்குச்சியோ எடுத்து, சுடர் நுனியில் படாமல் கொஞ்சம் தள்ளிப் பிடித்துச் சுருட்டை உருட்டி, விளிம்பு முழுக்கக் கனிந்த பிறகே முதல் இழுப்பு. அப்புறம் நிமிடத்துக்கு ஒன்று, புகை வாயோடு நிற்கட்டும். வேகமாக இழுத்தால் சூடேறிக் கசக்கும். கசப்பு வந்துவிட்டால் மிச்சம் எவ்வளவு இருந்தாலும் விட்டுவிடுங்கள், நசுக்க வேண்டாம், தட்டில் வைத்தால் தானே அணையும்.

பெட்டியாக வாங்கச் சொல்லி ஆசை காட்டுவார்கள். முதலில் ஒரே வகையில் ஐந்து மட்டும் வாங்கி, ஒன்றை இப்போது புகைத்துவிட்டு மற்றதை 65-ல் வைத்து, இரண்டு மாதம், நான்கு மாதம் என்று இடைவெளி விட்டு எடுங்கள், தேதியோடு நாலு வரி எழுதி வையுங்கள். நாட்கள் போகப் போக அது உங்கள் நாக்குக்கு நன்றாகிக்கொண்டே வந்தால் அந்த வகையில் ஒரு பெட்டி வாங்கலாம்.