குதிரையின் கட்டியும் கொட்டகை ஈயும்

கேள்வி: எங்கள் வெள்ளைப் பெட்டைக் குதிரைக்கு 9 வயது. இரண்டு பசுக்களோடு ஒரே கொட்டகையில் கட்டுகிறோம். பின்தொடையின் உள்பக்கம் மரு போல இருந்தது இப்போது எலுமிச்சை அளவுக்கு வளர்ந்து, தோல் உரிந்து ரத்தம் கசிகிறது. வாலடியிலும் பட்டாணி மாதிரி மூன்று கட்டிகள். மாம்பழக் காலம் வந்ததிலிருந்து ஈ மொய்த்து, காலை உதைத்துக்கொண்டே நிற்கிறது. நூல் கட்டினால் உதிர்ந்துவிடும் என்கிறார் ஒருவர், சூடு போடச் சொல்கிறார் இன்னொருவர். ஆடியில் அந்தியூர் சந்தைக்குக் கூட்டிப்போகலாமா?
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: நூலும் வேண்டாம், சூடும் வேண்டாம். நம் பக்கம் மனிதர் மருவுக்குக் குதிரைவால் முடியைக் கட்டுவார்கள். அந்தக் கைப்பழக்கத்தைக் குதிரை மேலேயே காட்டினால் சில சமயம் வினையாகிவிடும்.

தொடையில் இருப்பது சார்காய்டாக இருக்கலாம் என்பது என் சந்தேகம். குதிரைக்கு வரும் தோல் கட்டிகளில் அதிகம் காணப்படுவது அதுதான். மாட்டுக்கு மரு உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸின் 1, 2 ஆகிய வகைகளே பெரும்பாலும் இதற்கும் பின்னால் இருக்கின்றன. உள்ளுறுப்புகளுக்குப் பரவுவதில்லை, ஆனால் சீண்டினால் சீறும். மாதக்கணக்கில் சும்மா கிடந்த மரு, ஒரு கீறலோ அரைகுறை வெட்டோ பட்டதும் சதைப்பிண்டமாகப் பொங்குவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். சூடு, சுண்ணாம்பு, மயில்துத்தம் எல்லாம் அந்தக் கணக்கில்தான் சேரும். காம்போடு தொங்கும் கட்டிக்கு நாங்களும் ரப்பர் வளையம் போடுவதுண்டு. அதுவும் வேர் ஆழமில்லை என்று கைவைத்துப் பார்த்த பிறகே.

ஆனால் இந்தப் பருவத்தில் ஆளை ஏமாற்றும் இன்னொன்று இருக்கிறது. குதிரையின் இரைப்பையில் வாழும் ஹாப்ரோனீமா என்ற புழுவின் குஞ்சுகளை ஈக்கள் சுமந்துவந்து ஈரப்புண்ணில் விட்டுவிடும். புண் ஆறாது, கட்டி போலவே சதை வளரும். அதில் நொய் அரிசி மாதிரி மஞ்சள் குறுணைகள் தட்டுப்பட்டால் இதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். இதற்கு ஐவர்மெக்டின் போன்ற குடற்புழு மருந்து உதவும். சார்காய்டுக்கு அது உதவாது. கட்டியின் மேலேயே ஹாப்ரோனீமா ஏறிக்கொள்வதும் உண்டு என்பதால் மருத்துவர் நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். உங்களுக்குப் பக்கம் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி. போகும்போது ரண ஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று சொல்லுங்கள். திறந்த புண்ணோடு நிற்கும் குதிரைக்கு அதைத் தள்ளிப்போடக் கூடாது.

வாலடிப் பட்டாணிகள் வேறு கதை. கறுத்த தோலும் வெளுத்த மயிருமாக இருக்கும் குதிரைகளில் 15 வயது தாண்டியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மெலனோமா என்ற கறுப்புக் கட்டி வரும். உங்களுடையதற்குக் கொஞ்சம் சீக்கிரமே தெரிகிறது. உடையாத வரை ஈக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பக்கத்தில் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து மாதம் ஒரு படம் எடுத்து, மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி ஈ. ஸ்ப்ரே வாங்கக் கடைக்கு ஓடுவதற்கு முன் உங்கள் குப்பைமேட்டைப் பாருங்கள். நம் வெயிலில் வீட்டு ஈ முட்டையிலிருந்து பறக்கப் பத்து நாள் போதும். காலைக் கடிக்கும் கொட்டகை ஈ, மூத்திரத்தில் ஊறிய வைக்கோலில் வளர்வது. அதற்கு மூன்று வாரம் வரை ஆகும். லத்தியையும் நனைந்த வைக்கோலையும் தினமும் அள்ளி, கொட்டகையிலிருந்து நன்றாகத் தள்ளிக் குவித்து, தார்ப்பாயால் இறுக மூடுங்கள். உள்ளே ஏறும் சூட்டில் புழு செத்துவிடும். கட்டும் இடத்தில் ஒரு ஃபேன் வையுங்கள். ஈக்குக் காற்றை எதிர்த்துப் பறக்கத் தெம்பு போதாது. இத்தனை மலிவான மருந்து வேறில்லை. பசுக்களைத் தனியாகக் கட்ட இடமிருந்தால் கட்டுங்கள். சார்காய்டுக் கட்டியில் மொய்க்கும் ஈக்களிலேயே அந்த வைரஸின் தடயம் கிடைத்திருக்கிறது. கன்றுகளுக்கு மரு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

புண்ணைக் கொதித்து ஆறிய உப்புநீரால் காலை மாலை கழுவி, மெதுவாக ஒற்றி எடுத்து, சில்வர் சல்ஃபாடயசின் களிம்பைப் பூசுங்கள். தொடையிடுக்கில் கட்டு நிற்காது. ரத்தமும் நிணநீரும் வழிந்து காயும் கீழ்த்தோலில் வாசலின் தடவினால் தோல் வெந்துபோகாது. ஈ விரட்டும் மருந்து புண்ணைச் சுற்றி மட்டும், புண்ணுக்குள் வேண்டாம். புழு வைத்துவிட்டால் டர்பன்டைன் ஊற்றாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பசுவுக்கு உண்ணிக்காகத் தெளிக்கும் அமிட்ராஸ் மருந்தைக் குதிரை மேல் தெளிக்கவே கூடாது. குடல் ஓட்டம் நின்று, வயிற்றுவலியில் உயிர் போகலாம். மீதம் இருக்கிறதே என்று அதே தெளிப்பானைக் குதிரைப் பக்கம் திருப்புகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

சார்காய்டு என்று உறுதியானால் லேசரில் எடுப்பது, உறைய வைப்பது, சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தை ஊசியாகப் போடுவது என்று வழிகள் உண்டு. வெறுமனே வெட்டினால் திரும்பி வர வாய்ப்பு அதிகம். எந்த முறையிலும் புண் ஆற வாரக்கணக்கில் ஆகும் என்பதால், மருத்துவர் காத்திருக்கலாம் என்றால் ஈ குறைந்த மாதங்களுக்குத் தள்ளுவது உத்தமம். கட்டி வாரத்துக்கு வாரம் பெருத்தால் காத்திருக்க வேண்டாம்.

அந்தியூருக்கு இந்த வருஷம் வேண்டாம். அத்தனை மாடும் குதிரையும் கூடும் இடத்தில் ஈக்குக் கேட்கவா வேண்டும்? திறந்த புண்ணோடு நாள் முழுக்க உதைத்துக்கொண்டு நிற்கவிடாதீர்கள். நீங்கள் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.